கூட்டிய ரோட்டில் விழுந்த கதை

எனக்கு ஒருவரிலும் இலேசில் நம்பிக்கை வராது. யாராவது வணக்கம் சொன்னால்கூட ஏன் சொன்னார் என்று யோசிப்பேன். இந்தக் குணத்தால் எனக்கு முறிந்தது ஒரு கை. (முறிந்த உறவுகளைச் சேர்க்கவில்லை.)

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸில், டாவோஸ் என்ற மலையூரில், ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அறையும் ஹோட்டல்தான் தந்தது. வேலை போனால் அறையும் போகும். இரண்டு தரம் பிந்திப் போயிருந்தேன். மூன்றாம் தரம் வரவே வேண்டாம் என்று சமையலறைக்குப் பொறுப்பான குசினிப் பெரியவர் விரலைக் காட்டிச் சொல்லிவிட்டார். அதனால் யாரோ விட்டுப்போன பழைய சைக்கிளை எடுத்தேன்.

போகும் வழியில் ஓர் இறக்கம். அதன் அடியில் ஒரு கிழவர் வீடு. விடிய யன்னலில் நின்று என்னைப் பார்ப்பார். சிரிக்கமாட்டார். பனி இறுகத் தொடங்கியதும் வாளியோடு வந்து ரோட்டில் சல்லிக்கல் எறிந்தார். நான் வருவதற்குச் சற்று முன்.

ஊரில் சைக்கிள் ஓடிய எவருக்கும் தெரியும், சல்லியில் சில்லு ஏறினால் ஆள் கீழே. என் முழங்கால் இரண்டிலும் அதற்கு அத்தாட்சி உண்டு.

என்னோடு அறையிலும் குசினியிலும் இருந்தவர் சிவராசா அண்ணை. அவரிடம் சொன்னேன்.

"உந்தக் கிழவன் என்னை விழுத்தப் பாக்கிறான்."

"உன்னை விழுத்தி அவருக்கு என்ன வரப்போகுது?"

"அது தெரியேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

"பேசாமல் படு."

மறுநாள் அரைமணி முந்தி எழும்பினேன். தும்புத்தடியோடு போய் இறக்கத்தை மேலிருந்து கீழ்வரை கூட்டினேன். ஒரு கல் விடவில்லை. கூட்டும்போதே இரண்டு தரம் கால் வழுக்கியது. மிச்சக் கல்லின் வேலை என்று நினைத்தேன். ரோடு நன்றாக மினுங்கியது. (ஏன் மினுங்குகிறது என்று யோசிக்கவில்லை. கிழவரை யோசிக்கவே நேரம் காணவில்லை.)

மேலே ஏறி, தும்புத்தடியைப் பின்னால் கட்டி, சைக்கிளை விட்டேன்.

பிறேக் பிடித்தது நினைவிருக்கிறது. பிறகு வானம் தெரிந்தது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தும்புத்தடி இருவரையும் முந்திக் கிழவரின் வாசலில் போய் நின்றது.

அவர் வெளியே வந்தார். தும்புத்தடியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாளியை எடுத்துவந்து கல்லை எறிந்து, அதன்மேல் வழுக்காமல் நடந்து வந்தார். கல் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கையைத் தூக்கிப் பார்த்து, "கப்புட்" என்றார். முறிந்துவிட்டதாம்.

உள்ளே போய் டெலிபோன் எடுத்தார். பொலிஸ்தான். (சந்திக்குச் சந்தி மறித்து விசாரிக்கிற நாட்டிலிருந்து வந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?) தவழ்ந்து தப்பப் பார்த்தேன். கல் முடிந்த இடத்தில் முகம் குப்புற விழுந்தேன்.

அவர் கூப்பிட்டது டொக்டரை. பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பலகை வண்டியில் என்னை இருத்தி, மடியில் தும்புத்தடியையும் வைத்து, கயிற்றால் இழுத்துப் போனார். ரோமக்கோட்டுப் போட்ட உல்லாசப் பயணிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பெண் படம் எடுத்தாள்.

கட்டுப் போட்டு ஹோட்டலுக்குப் போகும்போது மூன்று மணித்தியாலம் பிந்திவிட்டது. கிழவரும் குசினிப் பெரியவரும் நெடுநேரம் கதைத்தார்கள். பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னவாம் அண்ணை?"

"ஆறு கிழமை அறையிலை இருக்கட்டாம். சுகமானாப் பிறகு வரட்டாம். வேலை இருக்குமாம்."

"நிப்பாட்டிறதை இப்பிடியும் சொல்லுவினமோ?"

"இல்லையடாப்பா. இஞ்சை அதுதான் வழக்கம்."

நம்பவில்லை. மறுநாள் ஏழு மணிக்கே கட்டுக் கையோடு கழுவுமிடத்தில் நின்றேன். பெரியவர் வாசலைக் காட்டினார். அடுத்தநாளும் போனேன். என் இடத்தில் வேறொருவன் நின்றான். ஆறு கிழமையும் ஒரு நாள் விடாமல் போய் எட்டிப் பார்த்தேன். ஏழாம் கிழமை அவன் இல்லை. பெரியவர் ஏப்ரனை என் கையில் தந்தார்.

இப்போது வேறு ஊர், வேறு வேலை. ஆனால் இரண்டு நாள் லீவு எடுத்தால் மகள் விடமாட்டாள். "அப்பா, எதுக்கும் ஒருக்காப் போய் எட்டிப் பாத்திட்டு வாங்கோவன்." மனைவியும் சேர்ந்து சிரிப்பாள்.

போன லீவில் நான் வேலைத்தலப் பக்கமாக நடக்கப் போனது உண்மை. காற்று வாங்கத்தான்.