பச்சை மையும் மூன்று நாள் மரபும்

உலக நிர்வாக வரலாற்றில் எங்கள் அலுவலகத்துக்குத் தனி இடம் உண்டு. அந்த இடத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மறைந்த முன்னாள் தலைவருக்கு வாசலில் கல்வெட்டு வைப்பதென்று முடிவானதும், வாசகம் எழுத 'உயர்மட்டக் குழு' அமைந்தது. மட்டம் உண்மையிலேயே உயரம்தான். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடாது. செயலாளர் அடியேன். உறுப்பினர்கள் இருவர்: தலைவர் பெயரைக் கேட்டாலே கண்கலங்கும் பொறியாளர், அதே பெயருக்குப் பல்லைக் கடிக்கும் வழக்கறிஞர். தட்டச்சுக்கு ஓர் அம்மாள்.

முதல் கூட்டத்தில் 'மாபெரும்' வெட்டுப்பட்டது. வழக்கறிஞர் 'கொடுங்கோலர்' என்று சேர்த்ததும் பொறியாளர் தேநீர்க் குவளையோடு வெளிநடப்பு செய்தார். குவளை அலுவலகச் சொத்து என்று நினைவூட்டியதும் திரும்பி வந்தார். ஐந்தாவது கூட்டத்தின் முடிவில் எஞ்சியது, "இவர் இருந்தார்." வழக்கறிஞருக்கு இதிலும் வருத்தம்தான். ஆனால் மறுக்க ஆதாரம் இல்லை.

அப்போதுதான் தட்டச்சு அம்மாள் வாயைத் திறந்தார். பதினெட்டு வருடத்தில் முதல் முறை.

"அவர் கட்டின பாலத்துமேலதான் சார் எங்கம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சுத்திப் போயிருந்தா பொழைச்சிருக்க மாட்டாங்க. அந்தப் பாலத்துக்காக இடிச்ச நாப்பத்திரண்டு வீட்ல எங்க வீடும் ஒண்ணு. எங்க தெருவே இப்ப எந்த வரைபடத்துலயும் கிடையாது. பாலத்தையும் போடுங்க, வீடுகளையும் போடுங்க. ஒரே வரிதான்."

வீடுகளைப் பொறியாளர் ஏற்கவில்லை. பாலத்தை வழக்கறிஞர் ஏற்கவில்லை. நான் நடுநிலையோடு ஆதாரம் கேட்டேன். ஆதாரம் கேட்டால் எவரும் அடங்கிவிடுவார் என்பது என் அனுபவம். அம்மாளோ மறுநாளே ஆவண அறையிலிருந்து பழைய கோப்பு ஒன்றைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்தார்.

இங்கே எங்கள் ஒப்பற்ற மரபைச் சொல்லியாக வேண்டும். எந்தக் கோப்பு போனாலும் தலைவர் அதன் ஓரத்தில் பச்சை மையில் "பேசவும்" என்று எழுதி அனுப்புவார். நேரில் வந்து கலந்து பேசுங்கள் என்று பொருள். அவர் அறைக்குள் போக யாருக்குத் தைரியம்? எனவே மூன்று நாள் யாரும் பேசாவிட்டால் அது ஒப்புதல் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். மருத்துவமனை, பாலம் எல்லாம் இப்படி எழும்பியவைதான். ஏன் ஒருவரும் பேச வரவில்லை என்று அவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

கோப்பைத் திறந்தேன். "நாற்பத்திரண்டு வீடுகளை அகற்றலாமா?" ஓரத்தில் பச்சை மையில், "பேசவும்." அதன் கீழே, மூன்று நாள் கழிந்த தேதியில், "ஒப்புதல் பெறப்பட்டது. இடிக்கவும்." கையெழுத்து அழகாக இருந்தது. என் கையெழுத்து எப்போதும் அழகுதான்.

"அவரைத் திட்டவும் முடியாம கும்பிடவும் முடியாம இத்தனை வருஷம் தவிச்சேன் சார்," என்றார் அம்மாள். "நீங்க போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்."

"மரபு, அம்மா."

"அவராவது ஏன்னு கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இப்ப நான் யாரை மன்னிக்கிறது?"

இது குழுவின் அதிகார வரம்புக்குள் வராத கேள்வி. ஆகவே "இவர் இருந்தார்" என்ற இறுதி வாசகத்தைத் தட்டச்சுக்கு அனுப்பினேன். பிழையில்லாமல் திரும்பி வந்தது. அம்மாள் கேட்ட வரி அதில் இல்லை. தாளின் ஓரத்தில் மட்டும் பச்சை மையில், அம்மாளின் கையால், ஒரே சொல்: "பேசவும்."

அவர் மேசைக்கும் என் மேசைக்கும் எட்டடி தூரம். இரண்டு முறை எழுந்தேன். முதல் முறை மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். இரண்டாம் முறை குறைத்தேன். இரண்டு முறையும் அம்மாள் தலை நிமிர்ந்து பார்த்தார்.

இன்று மூன்றாம் நாள். மணி ஐந்தடித்துவிட்டது. மரபுப்படி அம்மாளின் ஒப்புதலும் கிடைத்துவிட்டதால், "செதுக்கவும்" என்று எழுதிக் கல்தச்சருக்கு அனுப்பிவிட்டேன். கையெழுத்து, வழக்கம்போல, அழகாக அமைந்தது.