மேற்படி விளையாட்டு

பெற்ற பிள்ளைகளோடு விளையாடுவதற்கு அரசாணை எதுவும் இல்லாமலேயே மனித குலம் இவ்வளவு நாளும் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பெருங்குறையைச் சிறார் நலத் துறை இந்தக் கோடை விடுமுறையில் தீர்த்துவைத்தது. தீர்த்துவைக்கும் பொறுப்பு, சுற்றறிக்கைப் பிரிவில் இருந்த மேற்படியார் தலையில் வந்து விழுந்தது.

மேற்படியார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல, அலுவலகம் வைத்தது. 'மேற்படி' என்ற சொல் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. ஒருநாள் வீட்டில், "மேற்படி நீலச் சட்டையைக் காணோமே" என்று கேட்டு மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மற்றபடி தங்கமான மனிதர். ஏழு வயதில் ஒரு மகள், நாலு வயதில் ஒரு மகன். பள்ளிக்கூடம் மூடிய நாளிலிருந்து மூத்தவள் அம்மாவின் கைப்பேசியோடும் சின்னவன் அப்பாவின் கைப்பேசியோடும் சோபாவின் இரண்டு மூலையில் சுருண்டு கிடந்தார்கள். கூப்பிட்டால் 'ம்' என்று சத்தம் வரும், முகம் வராது. மேற்படியாருக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அதனால்தான், கோடை விடுமுறைக்குச் சுற்றறிக்கை ஒன்று வேண்டும் என்று இயக்குநர் மேடம் கேட்டபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அவர் மனசிலிருந்து எழுதினார். ஒரே வரி. 'மாலையில் ஒரு மணி நேரம் கைப்பேசியை அணைத்துவிட்டு உங்கள் பிள்ளைகளோடு விளையாடுங்கள்.'

மேடம் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"என்னங்க இது?"

"சுற்றறிக்கை மேடம்."

"படிச்ச உடனே புரியுதே! நம்ம ஆபீஸ்லேர்ந்து வந்ததுன்னா எவன் நம்புவான்?"

மேற்படியார் தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். மேடம் தரவில்லை.

"சரி, சொன்னபடி அணைச்சாங்களா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"பிள்ளைங்களுக்குத் தெரியும் மேடம்."

"பிள்ளைங்க நமக்கு அறிக்கை அனுப்புமா? அளக்க முடியாத சந்தோஷத்தை வச்சுக்கிட்டு அரசாங்கம் என்ன பண்றது?"

இந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததுதான் 'திரை விடுப்பு' என்னும் செயலி. பெற்றோர் பிள்ளைகளோடு விளையாடும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து அதில் ஏற்ற வேண்டும். படத்தில் குழந்தையின் பல் தெரிந்தால் ஒரு நட்சத்திரம். தெரியாவிட்டால், 'மகிழ்ச்சி போதவில்லை, மீண்டும் முயல்க' என்று செயலி பணிவோடு தெரிவிக்கும். நட்சத்திரம் அதிகம் சேர்த்த பிள்ளைக்கு அடுத்த வகுப்பில் முன் பெஞ்சு.

மேற்படியாருக்கு ஒரு சந்தேகம். "மேடம், கைப்பேசியை அணைச்சுட்டா படம் எப்படி எடுக்கிறது?"

"அணைக்கிறது ஒரு போன், எடுக்கிறது இன்னொரு போன். இதுகூடத் தெரியாம இத்தனை வருஷமா சர்வீஸ்ல இருக்கீங்களா?"

வீட்டுக்கு வீடு இன்னொரு கைப்பேசி வாங்கினார்கள். அதை நிறுத்திவைக்க ஒரு தாங்கி, முகத்தில் நிழல் விழாமலிருக்க ஒரு வட்ட விளக்கு. முன் பெஞ்சு என்றால் சும்மாவா?

மேற்படியார் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரம்மா இருந்தார். அவரிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய போன். சாயங்காலம் ஆனதும் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, தன் இரட்டைப் பையன்களைத் துரத்திக்கொண்டு முற்றம் முழுக்க ஓடுவார். மூன்று பேரும் போடுகிற கூச்சலில் மாடியில் சன்னலைச் சாத்துவார்கள். அவருக்குத் துறையிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கையில் எடுத்துக்கொண்டு மேற்படியாரிடம் ஓடிவந்தார்.

"சார், திரையை அணைக்கலைன்னு என்மேல நடவடிக்கையாம். என்கிட்ட அணைக்கிறதுக்குத் திரையே இல்லையே சார்!"

"அதனாலதாம்மா அணைக்கலைன்னு எழுதியிருக்கு."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"கவலைப்படாதீங்க. துறையே உங்களுக்கு ஒண்ணு இலவசமா கொடுக்கும். மேற்படி கருவியை அணைச்சாப் போதும்."

அணைக்க வேண்டுமென்றால் முதலில் போட வேண்டும். போட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து முற்றத்தில் சத்தமே இல்லை. மாடிக்காரர்கள் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு துறையை வாழ்த்தினார்கள்.

மேற்படியார் வீட்டிலும் திட்டம் அமோகமாக நடந்தது. மனைவிதான் படமெடுப்பவர். மருந்துக் கடையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தாங்கியைச் சரிசெய்வார்.

"என்னங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க தொப்பை பிள்ளையை மறைக்குது. ஏய், பந்தைப் பிடிச்சுடாதடா, அது காத்துல இருக்கும்போதுதான் எடுக்கணும்! பல்லு, பல்லு!"

சின்னவன் இப்போதெல்லாம் கைப்பேசியைக் கண்டாலே பல் டாக்டரிடம் காட்டுவதுபோல் ஈ என்று காட்டப் பழகிவிட்டான். படம் எடுத்து முடித்ததும் வாயை மூடிக்கொண்டு அடுத்த படத்துக்காகக் காத்திருப்பான். நடுவில் விளையாடச் சொன்னால், "இப்ப எதுக்கு?" என்றான். நியாயமான கேள்வி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் சர்வர் படுத்துவிட்டது. ஊர் முழுக்கச் செயலி சுற்றிச் சுற்றி நின்றது. மனைவி கைப்பேசியைத் தட்டினார், உதறினார், கடைசியில் வெறுத்துப்போய் மேசையில் கவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

திடீரென்று மூத்தவள் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். "நான் மேடம். தம்பி பியூன். அப்பா, நீங்க மனு கொடுக்க வந்தவரு."

"என்ன மனும்மா?"

"பிஸ்கட் வேணும்னு."

மேற்படியார் பணிவோடு கதவுக்கு வெளியே போய்த் தட்டினார். சின்னவன் எட்டிப் பார்த்து, "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்று கதவைச் சாத்தினான். மறுபடி தட்டினார். "மேடம் சாப்பிடுறாங்க." மூன்றாவது முறை உள்ளே விட்டான். ஆனால் முட்டி போட்டு வரவேண்டுமாம். மேற்படியார் சோபாவைச் சுற்றி முட்டியாலேயே போனார்.

மேடம் முகம் கொடுக்காமல் கேட்டாள். "பசிக்குதுன்னு சான்று இருக்கா?"

"வயிறு இருக்குங்க மேடம்."

"அது ஒரிஜினல். நகல் எங்கே?"

அவ்வளவுதான். மனைவி சிரித்த சிரிப்பில் சுவரில் சாய்ந்தவர் அப்படியே சரிந்து படுத்துவிட்டார். சின்னவன் பியூன் வேலையை மறந்து அப்பா முதுகில் ஏறிக்கொண்டான். மேற்படியாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு 'மேற்படி' வரவில்லை.

மறுநாள் காலை அலுவலக வாசலில் பெருங்கூட்டம். எல்லாரும் பெற்றோர். எங்கள் நட்சத்திரம் எங்கே என்று கோஷம். மேற்படியார் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் கையை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி. மேற்படியார் பதறியடித்துக் கீழே ஓடினார்.

"நீ எங்கே இங்கே? நேத்து அவ்வளவு சந்தோஷமா இருந்தோமே!"

"அதான் வயித்தெரிச்சலே! எப்பவும் சும்மா பல்லைக் காட்டுதுங்க. நேத்துதான் நிஜமாச் சிரிச்சுதுங்க. எத்தனை நட்சத்திரம் போச்சு தெரியுமா? எதிர்வீட்டுக்காரிக்கு மட்டும் ஏறியிருந்துச்சுன்னா நான் சும்மா விடமாட்டேன்!"

மேடம் அவசரக் கூட்டம் போட்டார். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதற்குத் துறையிடம் எந்த ஆதாரமும் இல்லை. விளையாடினார்கள் என்று ஒப்புக்கொண்டால், துறை இல்லாமலும் விளையாட முடியும் என்று ஆகிவிடும். அப்புறம் துறை எதற்கு? ஆழ்ந்து யோசித்து, மேடம் சொல்லச் சொல்ல மேற்படியார் எழுதினார். 'மேற்படி மாலையில் எந்தக் குழந்தையும், எந்தப் பெற்றோரோடும், எவ்வித விளையாட்டும் விளையாடவில்லை என இதனால் அறிவிக்கப்படுகிறது.'

அதை ஒலிபெருக்கியில் படித்ததும் கூட்டம் கைதட்டியது. தனக்குக் கிடைக்காத நட்சத்திரம் அடுத்த வீட்டுக்கும் கிடைக்கவில்லை என்ற நிம்மதியோடு எல்லாரும் கலைந்து போனார்கள்.

சாயங்காலம் மேற்படியார் வீட்டுக்கு வந்தபோது மூத்தவள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"அப்பா, நேத்து நாம விளையாடவே இல்லைன்னு அம்மா சொல்றாங்க. நிஜமா?"

அவர் சற்றுத் தயங்கினார். கையெழுத்தாகிவிட்ட விஷயம். "ஆமாம்மா. அப்படி எதுவும் நடக்கலை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். "அப்ப இன்னைக்கும் அதே மாதிரி நடக்காம விளையாடலாம்ப்பா. வாங்க!"

மேற்படியார் அவள் பின்னால் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டார். அதற்குள் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, சர்வர் வந்துடுச்சு!"

"இரும்மா," என்று அவர் மகளின் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, வட்ட விளக்கைப் போடப் போனார்.