டார்ச்சைப் பெண் பார்க்க வந்த கதை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குழம்பிப் போகாமல் ஒரு மனிதர் நடமாடினார் என்றால், அவர் டார்ச்சிடம் இன்னும் பேசவில்லை என்று அர்த்தம்.

நானும் அவளும் ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறையில் வாடகைக்கு இருந்தோம். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் ரசாயன ஆராய்ச்சி. எப்போதும் கையில் ஊதா வெளிச்சம் அடிக்கும் ஒரு சின்ன டார்ச்லைட் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். எதைக் கண்டாலும் அது ஒளிர்கிறதா என்று அடித்துப் பார்த்துவிடுவாள்.

ஒருநாள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தன் விரல்களில் அடித்தாள். மஞ்சள் பட்ட இடமெல்லாம் பச்சையாக மின்னியது. கடைக்காரரின் வேட்டியில் அடித்தாள். சலவைத்தூள் புண்ணியத்தில் அது நீலமாக ஜொலித்தது. அவர் வெளிறிப்போனார்.

"மேடம், சுகாதார ஆபீஸா? கிச்சன் கிளீன் லா மேடம்! நீங்களே வந்து பாருங்க!"

"அதெல்லாம் இல்லண்ணே. உங்க வேட்டி நல்லா ஒளிருது, அதான்."

அவர் இன்னும் பயந்து, எங்கள் இலையில் ஆளுக்கு நான்கு அப்பளம் வைத்துவிட்டுப் போனார்.

அவள் வேலை இதுதான் என்று நான் புரிந்து வைத்திருந்தேன்: உயிரணுக்களுக்கு நடுவே போய் இருட்டில் சும்மா கிடக்கும் ஒரு மூலக்கூறைச் செய்ய வேண்டும். அங்கே துத்தநாகத்தைச் சந்தித்தால் மட்டும் அது ஒளிர வேண்டும். அவள் செய்ததோ கண்டதோடெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒளிர்ந்தது. 'அடுத்ததும் சரிவரவில்லை என்றால் வேறு தலைப்புக்கு மாறிவிடு' என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மாறினால் வருடக்கணக்கான உழைப்பு அவ்வளவும் வீண்.

அவர் அப்படிச் சொன்ன மறுநாள் காலை, முகம் வாடி உட்கார்ந்திருந்தவளிடம் வீட்டுக்கார ஆன்டி கேட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"சரியானது ஒண்ணு அமையவே மாட்டேங்குது ஆன்டி. ஒண்ணே ஒண்ணைப் பாத்தா மட்டும் பளிச்சுனு ஆகணும். மத்தது பக்கத்துல வந்தா கண்டுக்கவே கூடாது. அப்படி ஒண்ணு கிடைச்சா போதும்."

ஆன்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியொரு ஒழுக்கமான பெண்ணா! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிள்ளானிலிருந்து ஒரு மாப்பிள்ளையை, பெற்றோரோடு வரவழைத்துவிட்டார். பையன் அங்கே பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். டார்ச்சிடம் மட்டும், "என் சொந்தக்காரங்க வராங்க, கொஞ்சம் தே கலக்கிக் குடும்மா" என்று சொல்லி வைத்தார்.

அவளும் டீ கலக்கிக் கொடுத்தாள். பையனின் அம்மா அன்பாக ஆரம்பித்தார்.

"இத்தனை நாளா ஏம்மா ஒண்ணும் அமையல?"

தன் ஆராய்ச்சியைப் பற்றி முதல்முறையாக ஒருவர் விசாரிக்கிறார்! டார்ச்சின் முகம் மலர்ந்துவிட்டது.

"நிறைய வந்துச்சு ஆன்டி. முதல்ல ஒண்ணு, தண்ணியில போட்டா கரையவே இல்ல. அடுத்தது ரெண்டே நாள்ல மங்கிப்போச்சு. கடைசியா ஒண்ணு இருந்துச்சு பாருங்க, அவ்வளவு அழகு! ஆனா உள்ள போனதும் எல்லாத்தையும் கொன்னுடுது லா."

பையனின் அப்பா, வாய் வரைக்கும் கொண்டுபோன தே கிளாஸை மெல்லக் கீழே வைத்தார்.

"அதைத் தூக்கிப் போட்டுட்டேன் அங்கிள். இப்ப புதுசா ஒண்ணு பண்ணியிருக்கேன்."

கார் கிளம்பிய வேகத்தில் வாசலில் இருந்த பூந்தொட்டி உருண்டது. "நல்லவங்களா இருக்காங்க ஆன்டி, ஆனா தே பிடிக்கல போல" என்று சொல்லிவிட்டு டார்ச் குளிக்கப் போனாள். ஆன்டி அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்தினார்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் எனக்குப் போன் வந்தது. "அக்கா, ஆன்டியக் கூட்டிட்டு உடனே வாங்க!" அவ்வளவுதான், டார்ச் போனை வைத்துவிட்டாள். ஏதோ விபத்து என்று பதறிக்கொண்டு இருவரும் ஓடினோம்.

ஆய்வுக்கூடத்தில் ஓர் இருட்டறை. கணினித் திரை முழுக்கக் கறுப்பு. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் நுண்ணோக்கியின் கீழிருந்த தட்டில் ஒரு சொட்டு எதையோ விட்டாள். கறுப்பில் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு நிறைய.

"சக்கரைத் தண்ணி பட்டுக் கணையத்து உயிரணு இன்சுலினை வெளியவிடும்போது துத்தநாகமும் கூட வரும் ஆன்டி. என்னோடது அதை மட்டும் பிடிச்சு ஒளிருது. வேற எதையும் தொடல!"

சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஆன்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"அப்ப என் சக்கரை சரியாயிடுமா?"

"இல்ல ஆன்டி. எந்த உயிரணு வேலை செய்யுது, எது செய்யலன்னு கண்ணால பாக்கலாம். இப்போதைக்கு அவ்வளவுதான்."

"இதுக்காகவா அன்னைக்கு அந்த மாப்பிள்ளைய ஓட விட்டே?"

டார்ச் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளையா? எந்த மாப்பிள்ளை?"

ஆன்டி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். டார்ச்சுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

பட்டம் வாங்கியதும் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டாள். அவள் அறையை வாடகைக்குக் கேட்டு எத்தனையோ பேர் வருகிறார்கள். "ஆள் இருக்காங்க" என்று சொல்லி ஆன்டி கதவைச் சாத்துகிறார். நானும் பக்கத்தில் நின்று, ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.