ஏர்னெஸ்ட் காத்திருந்ததற்கான அத்தாட்சி

முதலில் கேட்டது புல்லாங்குழல். விறாந்தையில் கிடந்த வெங்காயக் குவியலின் அடிவயிற்றிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. இடையிடையே ஒரு பெண்குரல், "உங்கள் அழைப்பு எமக்கு மிகவும் பெறுமதி வாய்ந்தது" என்று வெங்காயத்துக்குள் இருந்தபடியே உறுதி கூறியது.

"இஞ்சருங்கோப்பா, வெங்காயம் கதைக்குது," என்றாள் மனைவி சீலா.

"வெங்காயமில்லை, கொம்பனி," என்றார் ஏர்னெஸ்ட்.

நாற்பது நிமிடங்களுக்கு முன் கைத்தொலைபேசியைச் சத்தமாக வைத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு, சும்மா இருப்பானேன் என்று வெங்காயம் பிடி கட்டத் தொடங்கியிருந்தார். கட்டிய பிடிகள் தொலைபேசிக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டன. அவர் இரண்டு கைகளாலும் குவியலைக் கிண்டி அதை வெளியே எடுத்தபோது புல்லாங்குழல் நின்றது. அழைப்பும் நின்றது.

சண்டிலிப்பாயில் தோட்டம் செய்யும் ஏர்னெஸ்டுக்கு வயது ஐம்பத்தொன்பது. அடிவயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு வீக்கம். வந்தபோது தேசிக்காய் அளவு, இப்போது தோடம்பழம். குடலிறக்கம் என்றார் டொக்டர். "மாரிக்கு முந்தி வெட்டோணும். அதுமட்டும் பாரம் தூக்கவே கூடாது. குடல் இறுகிச்சுதெண்டால் பிறகு என்னட்டை வந்து பிரயோசனமில்லை," என்றும் சொன்னார். அரச ஆசுப்பத்திரிப் பட்டியலில் அவருக்கு முன்னால் இருந்தவர்களை நிறுத்தினால் வரிசை சுன்னாகம் சந்தை வரைக்கும் போகும். ஆனால் ஏர்னெஸ்ட் கலங்கவில்லை. அவரிடம் காப்புறுதி இருந்தது.

ஊரில் இப்போது காப்புறுதி இல்லாதவன் மனிதனே இல்லை. முன்பெல்லாம் ஒப்பரேஷன் செய்துகொண்டவரை என்ன வருத்தம் என்று கேட்டார்கள். இப்போது எந்தக் கொம்பனி, அறையில் ஏசி இருந்ததா, சேலைனோடு எடுத்த படத்தை ஏன் குடும்பக் குறூப்பில் போடவில்லை என்று கேட்கிறார்கள். ஏர்னெஸ்டும் நித்தியநிழல் காப்புறுதிக் கொம்பனியில் சேர்ந்திருந்தார். குடலிறக்கத்துக்கு அவர்கள் காசு கொடுப்பதானால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டு வருடமும் பதினொரு மாதமும் அவர் பிழையின்றிக் காத்திருந்து முடித்த நிலையில்தான் கடிதம் வந்தது.

"நோயாளர்களுக்கான சேவையை மேலும் செம்மைப்படுத்தும் பொருட்டு, நோயாளர்களுக்கான சேவை இத்தால் நிறுத்தப்படுகிறது."

கீழே ஆறுதலாக இன்னொரு வரி. விரும்பியவர்கள், சேர்த்த நன்மைகள் எதையும் இழக்காமல் வேறு கொம்பனிக்கு மாறிக்கொள்ளலாம்.

அதைப் பற்றிக் கேட்கத்தான் புல்லாங்குழல் கேட்டுக்கொண்டிருந்தார். கொம்பனி எடுக்காவிட்டால் என்ன, அடுத்த நாள் பொற்கவசம் காப்புறுதிக் கொம்பனியின் ஏஜென்ட் ஜெரிசன் கழுத்துப்பட்டியோடு படலையைத் திறந்துகொண்டு வந்தான். இருபத்தாறு வயது. வியர்வை முழங்கை வரை வந்திருந்தது. சிரிப்பு மட்டும் குளிராக இருந்தது.

"அங்கிள், நீங்கள் சேர்த்து வைச்சிருக்கிற காத்திருப்பு ஒரு சொத்து. அதை அப்பிடியே எங்கடை கொம்பனிக்குக் கொண்டுவரலாம். ஒரு நாள் குறையாது."

"அப்ப இன்னும் ஒரு மாசத்திலை எனக்கு வெட்டலாமோ?"

"தாராளமா. நீங்கள் காத்திருந்ததுக்கு ஒரு அத்தாட்சி மட்டும் தாங்கோ."

"மாசாமாசம் காசு கட்டின துண்டெல்லாம் இருக்கு, தம்பி."

ஜெரிசன் இரக்கத்தோடு தலையை ஆட்டினான். "அது நீங்கள் காசு கட்டினதுக்கு அத்தாட்சி. காத்திருந்ததுக்கு?"

ஏர்னெஸ்ட் நித்தியநிழலின் சுன்னாகக் கிளைக்குப் போனார். அங்கே தளபாடங்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியிருந்த ஒரேயொரு கதிரையில் மிஞ்சியிருந்த ஒரேயொரு உத்தியோகத்தர் இருந்தார். "நீங்கள் பணம் செலுத்தியதை நாங்கள் அறிவோம், ஐயா. வீட்டில் நீங்கள் காத்திருந்தீர்களா, அல்லது மறந்துபோய் இருந்தீர்களா என்பது எமக்கு எப்படித் தெரியும்? உங்கள் பகுதிக் கிராம அலுவலரைக் கேளுங்கள்," என்றார். சொல்லி முடித்து அவர் எழும்பியதும் அந்தக் கதிரையையும் ஏற்றினார்கள்.

கிராம அலுவலர் ஜெயரூபனை ஊர் இன்னமும் விதானையார் என்றுதான் கூப்பிடும். பென்சனுக்கு இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தையும் எந்தக் கடிதத்திலும் மாட்டுப்படாமல் கடந்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே இலட்சியம்.

"காத்திருந்தனீங்களோ? எங்கை?" என்று கேட்டார்.

"வீட்டிலைதான்."

"முழுக்க என்ரை பிரிவுக்குள்ளைதானோ?"

ஏர்னெஸ்ட் உண்மை பேசுகிறவர். ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர். "போன ஆவணியிலை சாவகச்சேரியிலை ஒரு கலியாணம். மூண்டு நாள் அங்கை நிண்டனாங்கள்," என்றார்.

விதானையார் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணை, அந்த மூண்டு நாள் காத்திருப்பு என்ரை அதிகாரத்துக்குள்ளை வராது. அந்தப் பிரிவு விதானையிட்டைத்தான் எடுக்கோணும்."

"விதானையார், கலியாண வீட்டிலையும் நான் மனசுக்குள்ளை காத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"மனசு எந்தப் பிரிவிலை நிண்டது?"

"சண்டிலிப்பாயிலை. தண்ணி இறைக்க ஆளில்லாமல் விட்டிட்டுப் போனது."

"அப்ப பிரச்சினை இல்லை," என்று விதானையார் பேனாவை எடுத்தார். "ஆனால் சாட்சி வேணும்."

சாட்சிக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வளவு மீனாம்பிகை முதல் ஆளாக வந்தாள்.

"இவர் காத்திருந்ததை உம்மடை கண்ணாலை கண்டனீரோ?" என்று விதானையார் கேட்டார்.

"ஓம், வேலிக்குள்ளாலை கண்டனான்."

"என்ன செய்துகொண்டு காத்திருந்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதாலைதானே காத்திருக்கிறார் எண்டு கண்டுபிடிச்சனான்."

அன்று பின்னேரத்துக்குள் இருபத்தொரு பேர் கையெழுத்து வைத்தார்கள். இரண்டு பேர் ஏர்னெஸ்டை முன்பின் கண்டதில்லை. வரிசையைக் கண்டு ஏதோ நிவாரணமாக்கும் என்று வந்து நின்றவர்கள். நிவாரணம் இல்லை என்று தெரிந்த பிறகும், வந்ததற்கு வைத்துவிட்டுப் போவம் என்று வைத்தார்கள்.

விதானையார் எல்லாருக்கும் எழுதும் கடிதத்தையே இவருக்கும் எழுதினார். வேலைக்கு, கடனுக்கு, கடவுச்சீட்டுக்கு, நாய் கடித்த வழக்குக்கு என்று முப்பது வருடமாக அவருடைய கை ஒரே பாதையில்தான் ஓடியிருக்கிறது. "மேற்படி நபர் எனக்கு நன்கு அறிமுகமானவர் என்றும், நற்குணம், நல்லொழுக்கம், பூரண தேகாரோக்கியம் ஆகியன ஒருங்கே அமையப்பெற்றவர் என்றும், மேற்குறித்த காலப்பகுதி முழுவதும் எனது பிரிவில் இடையறாது காத்திருந்தார் என்றும் இத்தால் அத்தாட்சிப்படுத்துகிறேன்." கடைசியில் றப்பர் சீல் ஒன்றை ஓங்கிக் குத்தினார்.

ஏர்னெஸ்ட் அதை வீதியில் நின்றே மூன்று தரம் வாசித்தார். ஐம்பத்தொன்பது வருடத்தில் அவரைப் பற்றி யாரும் இப்படி எழுதியதில்லை. சீலாவும் வாசித்தாள். "இது நீங்கள்தானோ?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, மூலைக் கொமினிக்கேஷன் கடைக்குக் கொண்டுபோய் லமினேற் பண்ணிக்கொண்டு வந்தாள்.

அந்த வீட்டில் லமினேற் பண்ணாத கடதாசி கிடையாது. கலியாணச் சேர்டிபிக்கற், காணி உறுதி, நாய்க்கு ஊசி போட்ட காட், எப்போதோ செத்துப்போன மாட்டின் பதிவுத் துண்டு, எல்லாம் மினுங்கிக்கொண்டு அலுமாரிக்குள் இருந்தன. ஊரிலும் அப்படித்தான். ஈரம் படும், கறையான் தின்னும், ஆர் கண்டது, ஒருநாள் சாமான் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டி வரும் என்று பழகிய சனம். பிளாஸ்ரிக்குக்குள் போனால்தான் ஒரு உண்மை உண்மையாகும் என்பது அவர்களுடைய துணிபு.

பிரதி பொற்கவசத்துக்குப் போனது. பத்தாம் நாள் மறுமொழி வந்தது. ஏர்னெஸ்ட் கண்ணாடியைப் போட்டுச் சத்தமாக வாசித்தார்.

"தங்களது காத்திருப்பு முழுமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளமையை மட்டற்ற மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்."

"கர்த்தருக்குத் தோத்திரம்," என்றாள் சீலா.

"எனினும், அக்காலம் முழுவதும் தாங்கள் பூரண தேகாரோக்கியத்துடன் இருந்தமையை அரச உத்தியோகத்தர் ஒருவரும் இருபத்தொரு சாட்சிகளும் உறுதிப்படுத்தியுள்ளபடியால், தங்களுக்குக் குடலிறக்கம் இருத்தல் இயலாது. இருப்பின், மேற்படி இருபத்திரண்டு பேரும் பொய்ச் சான்று வழங்கியோராகக் கருதப்பட்டு நடவடிக்கை எடுக்கப்படும். நேரில் விசாரிக்க உத்தியோகத்தர் ஒருவர் வருகை தருவார்."

அரைமணித்தியாலத்துக்குள் விதானையார் சைக்கிளில் வந்து விழுந்தார்.

"அண்ணை, அந்த ஒரு சொல்லை வெட்டிச் சின்னக் கையெழுத்து ஒண்டு வைச்சிட்டால் காணும். கடிதத்தைத் தாங்கோ."

சீலா கொண்டுவந்து கொடுத்தாள். விதானையார் பேனாவை வைத்து இழுத்தார். பேனா வழுக்கியது. அழுத்தி இழுத்தார். மை முத்து முத்தாகத் திரண்டு ஓடியது.

"ஆர் இதை லமினேற் பண்ணினது?"

"நான்தான், விதானையார். கறையான் தின்னுமெண்டு..."

"இதைக் கறையான் தின்றிருந்தால் என்ரை பென்சன் தப்பியிருக்கும், அக்கா!"

பிளேட்டால் கீறிப் பார்த்தார்கள். மீனாம்பிகை சூடான ஸ்திரிக்கைப் பெட்டியோடு வந்தாள். கடிதம் சுருளப் பார்த்ததே தவிரப் பிரியவில்லை. அந்தச் சொல்லை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் விதானையார் குத்திய சீல் சரியாகப் "பூரண தேகாரோக்கியம்" மேலேயே விழுந்திருந்தது. அதை வெட்டினால் அரசாங்கமும் சேர்ந்து போய்விடும்.

"வேறை கடிதம் எழுதித் தரலாமே?" என்றார் ஏர்னெஸ்ட்.

"பதிவிலை ஏத்தியாச்சு. ஒரு ஆளுக்கு ஒரு காத்திருப்புத்தான்," என்றார் விதானையார்.

அன்று முதல் ஏர்னெஸ்டின் சுகத்தை ஊரே பார்த்துக்கொண்டது. வழியில் கண்டவர்கள், "அண்ணை, நல்லா இருக்கிறியள்தானே?" என்று கெஞ்சினார்கள். வயிற்றில் கை வைத்தால் கையைத் தட்டிவிட்டார்கள். நிவாரணத்துக்கு வந்து கையெழுத்து வைத்த இரண்டு பேரும்கூட முட்டையோடு வந்து, நிவாரணம்போல் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

விசாரணை உத்தியோகத்தர் பர்ஹான் வந்தபோது ஏர்னெஸ்ட் கத்தரித் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளைக் கண்டதும் வாய்க்காலைத் திறந்தபடியே விட்டுவிட்டு வரம்பில் ஏறினார். யாழ்ப்பாண ரவுணிலிருந்து வந்த மனிதருக்கு நாற்பது வயது இருக்கும். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வண்டியோடு கோபித்தவர்போல மெல்ல மெல்ல இறங்கினார். அவருக்குப் பின்னால் விதானையாரும் மீனாம்பிகையும் மற்றச் சாட்சிகளும் வேலியோரமாக வந்து வரிசையில் நின்றார்கள்.

பர்ஹான் கடிதத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "நல்லா லமினேற் பண்ணியிருக்கிறியள்," என்றார். சீலா வெட்கப்பட்டாள்.

"ஐயா, ஒரே கேள்விதான். உங்களுக்கு வருத்தம் இருக்கோ, இல்லையோ?"

ஏர்னெஸ்ட் வேலியைப் பார்த்தார். இருபத்திரண்டு முகங்கள். விதானையாரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் அவர் கும்பிட்டு ஒருவரும் கண்டதில்லை. 'ஓம்' என்று சொன்னால் வெட்டிவிடுவார்கள், வீக்கம் போய்விடும். பிறகு அந்த ஊரில் யாரோடு கதைப்பது?

"இல்லை, தம்பி. நல்ல சுகம்."

"அப்ப இந்தப் பசளைப் பையை ஒருக்காத் தூக்கிக் காட்டுங்கோ. அறிக்கையிலை எழுதத்தான்."

வரம்பில் கிடந்த உரப்பை, ஐம்பது கிலோ. சீலா, "இஞ்சருங்கோ, வேண்டாம்..." என்று தொடங்கினாள். மீனாம்பிகை அவளுடைய வாயைப் பொத்தினாள். ஏர்னெஸ்ட் மூச்சைப் பிடித்துக் குனிந்தார், தூக்கினார், நெஞ்சளவில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார். அது சிரிப்பு என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். வேலியில் கைதட்டல் எழுந்தது.

"நோய் காணப்படவில்லை," என்று பர்ஹான் எழுதினார். "வாழ்த்துகள், ஐயா. நோயின்மைக்கான பாராட்டுச் சான்றிதழ் தபாலிலை வரும்."

கடதாசிகளை மடித்தவர் போகவில்லை. விதானையாருக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சேர், ஒரு சின்ன உதவி. வாற மாசத்திலை இருந்து எங்கடை கொம்பனி ஊழியர்களின்ரை காப்புறுதியை வேறை கொம்பனிக்கு மாத்துது. எனக்கு முள்ளந்தண்டிலை டிஸ்க் விலகியிருக்கு. நாலு வருசமாக் காத்திருக்கிறன். உந்தக் கடிதத்தை ஒரு படம் எடுக்கலாமோ? எங்கடை விதானையார் உப்பிடி வடிவா எழுதமாட்டார்."

"முழுக்க அப்பிடியே எழுதவோ?" என்று விதானையார் மெல்லக் கேட்டார். "அந்தத் தேகாரோக்கியமும் சேத்தோ?"

"சேத்துத்தான். அது ஒரு மரியாதை எல்லோ? இவரின்ரை விசயம் வேறை, சேர். எனக்கு உண்மையிலையே வருத்தம் இருக்குத்தானே."

காகம் ஒன்று கத்திவிட்டுப் போனது.

"தம்பி, சாட்சிக்கு ஆள் காணாட்டில் சொல்லுங்கோ," என்றாள் மீனாம்பிகை.

"எடுத்தவுடனை லமினேற் பண்ணிப்போடுங்கோ," என்றாள் சீலா.

பர்ஹான் நன்றி சொல்லி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். சனம் சிரித்துக் கதைத்தபடி ஒழுங்கையால் கலைந்தது. ஏர்னெஸ்ட் அப்போதுதான் பையைக் கீழே வைத்தார். ஒரு கையை வயிற்றில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கத்தரிப் பாத்தி ஒன்றில் தண்ணீர் நிறைந்து வரம்பால் வழிந்துகொண்டிருந்தது. மற்றக் கையால் மண்வெட்டியை எடுத்து, அந்த வாயை அடைத்து, அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்.