நெளியக் கூடாத வளையம்

ஒரு காட்டில், அதாவது அரசாங்க வரைபடத்தில் இன்னும் காடு என்றே போட்டிருந்த ஓர் இடத்தில், ஆறு ஒன்று ஓடியது. ஆற்றில் முதலை. முயலம்மாவின் வீட்டுக்காரரை அது போன மாதம்தான் விழுங்கியிருந்தது. புல் அக்கரையில், பிள்ளைகள் இக்கரையில். அதனால் ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை வருகிறது என்றதும் அவள் அழுதேவிட்டாள்.

கட்டியவர் பொறியாளர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில் அடுக்கிய பிராணி. நன்றாகப் படித்தவர், ஆகவே அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. கான்கிரீட் துண்டுகளை வட்டமாகக் கோத்து ஒரு வளையம், அதை ஒட்டி இன்னொரு வளையம் என்று அக்கரைவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சிங்கராஜா பார்வையிட வந்தார்.

"என்னய்யா, சுவரெல்லாம் கோடு கோடா இருக்கு?"

"துண்டும் துண்டும் சேர்ற இணைப்புங்க, மகாராஜா. மேல மண்ணு அழுத்துறப்ப வளையம் லேசா நெளியணும். இணைப்பு அசைஞ்சு குடுத்தாத்தான் துண்டு உடையாது. என் செதிலையெல்லாம் ஒண்ணா ஒட்டிட்டா நான் குனிய முடியுங்களா?"

"என் பேர் வச்ச சுரங்கம் நெளியுமா? ஊரே சிரிக்கும். அடைச்சுப் பூசு!"

பூசினார்கள். இணைப்பெல்லாம் கெட்டிச் சிமெண்ட், அதன்மேல் இரும்புப் பட்டை, அதற்கும் மேலே ரோஸ் கலர் பெயின்ட். ராஜா ரிப்பன் வெட்டினார். அழுங்கு பின்வரிசையில் நின்று கைதட்டினார். பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

மழை வந்தது. மண் ஊறிக் கனத்தது. நெளிய வழியில்லாத வளையம் வேறென்ன செய்யும்? துண்டுகளின் நடுவிலேயே விரிசல் விட்டது. புல்லோடு திரும்பிக்கொண்டிருந்த முயலம்மாவின் முன்னால் ஒரு பாளம் விழுந்தது, கூடவே தண்ணீரும் கொட்டியது. புல்லைப் போட்டுவிட்டு ஓடித் தப்பினாள்.

நரியார் தலைமையில் உடனே விசாரணைக் கமிட்டி கூடியது. விரிசலை மட்டும் அது பார்க்கவில்லை. அதன்மேல் ராஜா படம் போட்ட பேனர் கட்டியிருந்தார்கள். விலக்கிப் பார்ப்பது மரியாதையா? அழுங்குக்கு வேலை போயிற்று. சுரங்கத்தை ஒரே துண்டாகக் கட்டாமல் துண்டு துண்டாகக் கட்டினாராம், அதுதான் குற்றம்.

முயலம்மா நரியாரிடம் போய் நின்றாள்.

"நாளைக்கு நான் எப்படிங்கய்யா அக்கரைக்குப் போறது?"

"சுரங்கம் நல்லாத்தானேம்மா இருக்கு? பேனரைக் கிழிச்சிடாம, ஓரமாப் போ."

மறுநாள் காலையில் பிள்ளைகள் பசியில் கத்தின. முயலம்மா பேனரைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், ஆற்றிலேயே இறங்கினாள். முதலையாவது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறது என்று தெரிகிற மாதிரி படுத்திருந்தது.

நீதி: சுரங்கம் கட்டுகிறவர்கள் முதலில் பேனரின் அளவை முடிவுசெய்துகொள்ள வேண்டும், விரிசலை அதற்குள் அடக்கிக்கொள்ளலாம்.