கிழக்குக்கு மஞ்சளா, சிவப்பா?

கனடாவில் பூர்வகுடிகள் நாங்கள் வாழும் சஸ்காச்சுவான் சமவெளியில், நான்கு திசைக்கு நான்கு வண்ணம் வைத்து நோய் பார்க்கும் மருந்துச் சக்கரத்தின் நிபுணர்கள் நானூறு பேரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சரி, நானூறு கொஞ்சம் கூடுதல். நாற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பாதிப்பேர் ஒரே ஆள்தான், வேறு வேறு தொப்பியில் வந்தவர்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். உண்மையாகவே குணமாக்கத் தெரிந்தவரிடம் எங்கள் வழக்கப்படி காணிக்கையாகப் புகையிலையை நீட்டி உதவி கேட்டால், "எனக்கென்னம்மா தெரியும், வேண்டிக்கிட்டுப் பாக்கறேன்" என்பார். நிபுணரிடம் நீங்கள் எதையும் நீட்டவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். ஒரு தும்மல் போதும். "உங்க மேற்கு சரியில்ல" என்று ஆரம்பித்துவிடுவார். நகரத்தில் இரண்டு நாள் பயிற்சி முகாம், அதிலும் இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டோடு சரி. கழுத்தில் நான்கு வண்ண மணிமாலை, சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ், தன் சொந்தத் தாத்தா சொல்லவந்தபோதெல்லாம் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையே ஒரு வெளியூர்க்காரர் சொல்லக் கேட்டு எழுதிவந்த நோட்டு. பிறகு ஊரில் ஒருத்தர் நிம்மதியாக மூட்டுவலிக்க முடியுமா?

ரஸ்ஸல் இந்த இனத்தில் நல்ல வளர்த்தி. அவருடைய அத்தை மகள் ஐவிக்குத் தோள் பிடித்துக்கொண்டது அவருக்கு வாய்த்த யோகம்.

ஐவிக்கோ அது விளையாட்டில்லை. அண்ணன் இறந்த துக்கத்தில் ஒரு வருடம் ஆட்டக்களத்தில் கால் வைக்காதவள், வரும் சனிக்கிழமை பவ்வாவ் என்ற எங்கள் நடனத் திருவிழாவில்தான் மறுபடி இறங்கப்போகிறாள். முரசு ஓங்கி விழும் அடிகளில் பெண்கள் கழுகிறகு விசிறியைத் தலைக்குமேல் உயர்த்த வேண்டும். அண்ணனுக்காக உயர வேண்டிய அந்த வலது கை, காதுவரை வந்து நின்றுவிடுகிறது. திங்கட்கிழமையே, ஊரில் குணமாக்கத் தெரிந்த அகதா அம்மாளிடம் புகையிலையோடு போய்விட்டாள். அந்தம்மாளும் தினம் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கரடிக் கொழுப்பு தேய்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ரஸ்ஸல் வந்தார். கூடவே மொன்டானாவிலிருந்து வந்திருந்த ஒரு விருந்தாளி அம்மாள், சும்மா வேடிக்கை பார்க்க.

"ஐவி, நாற்காலியத் திருப்பு. கிழக்கு எதுன்னு பாக்கணும்" என்று செல்போனில் திசைகாட்டியைத் திறந்தார் ரஸ்ஸல்.

"தினம் காலையில சூரியன் அந்த ஜன்னல் வழியாத்தான் வருது மச்சான். அதையே கேளேன்."

"சூரியன் தோராயமாத்தான் சொல்லும்."

அச்சடித்த சக்கரத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். அதனால் என்ன? மேசைமேல் கிழக்கில் மஞ்சளுக்குக் கடுகுச் சாஸ், தெற்கில் சிவப்புக்குத் தக்காளிச் சாஸ், மேற்கில் கறுப்புக்குக் காப்பித்தூள், வடக்கில் வெள்ளைக்கு உப்பு. நடுவில் ஐவியின் முழங்கையை வைக்கச் சொல்லிக் கண்ணை மூடினார்.

விருந்தாளி அம்மாள் தொண்டையைக் கனைத்தாள். "கிழக்குக்கு மஞ்சளா? யாரு சொன்னா? சிவப்புல்ல!"

தக்காளி கிழக்குக்குப் போனது. கடுகு திரும்பி வந்தது. மறுபடி தக்காளி. ஒவ்வொரு கூட்டத்தாரும் ஒவ்வொரு வண்ணத்தை ஒவ்வொரு திசையில் வைக்கிறார்கள், அவரவருக்கு அது சரி என்பது இங்கே தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். நிபுணர்களுக்கு மட்டும்தான் தெரியாது. பேனக் ரொட்டி கருகும் வாசனை வந்தது. ஐவி எழுந்து ஓடி இடது கையால் வாணலியைத் தூக்கிக்கொண்டாள். இவர்கள் கவனிக்கவில்லை.

"சரி, ஊர்க் கூட்டத்துல பண்ற மாதிரி ஓட்டுக்கு விட்டுடலாம்" என்றார் ரஸ்ஸல். "மஞ்சளுக்கு யாரு? கையத் தூக்குங்க." தானே தூக்கினார். சிவப்புக்கு அம்மாள் தூக்கினாள். ஒன்றுக்கு ஒன்று. இருவரும் ஐவியைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் என் அடுப்படிய விட்டு இப்பவே வெளிய போகணும்கறவங்க?" என்ற ஐவி, தானே கையைத் தூக்கினாள்.

வலது கை. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, உத்தரத்தைப் பார்த்து நேராக.

மூவரும் அதையே பார்த்தார்கள்.

"பாத்தியா, மஞ்சள் வேலை செஞ்சிடுச்சு!" என்றார் ரஸ்ஸல்.

"சிவப்பு!" என்றாள் அம்மாள்.

மறுநாள் விசிறி உயர்ந்தது, அத்தனை அடிக்கும். பந்தலடியில் உட்கார்ந்திருந்த அகதா அம்மாளிடம், "உங்க கரடிக் கொழுப்புதானே?" என்று நான் கேட்டதற்கு, "தோள் அவளோடதும்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

ஆகவே வாசகரே, அடுத்தவர் வலியில் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது "இதுக்கு நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று உங்கள் நாக்கு துறுதுறுத்தால், கழுத்தைத் தடவிப் பாருங்கள். மணிமாலை ஏதாவது தட்டுப்படலாம்.

இதுவரை எழுதியதை ஐவியிடம் படித்துக் காட்டினேன். மணி கோத்துக்கொண்டே கேட்டவள் நிமிர்ந்தாள்.

"எல்லாம் சரி சித்தி. மொன்டானாலேர்ந்து யாரு வந்தா? அன்னைக்கு சிவப்பு சிவப்புன்னு தக்காளி பாட்டில விடாம பிடிச்சுக்கிட்டு நின்னது நீங்கதானே?"