ஒரு சொட்டும் அறியாத கல்லீரல்

குடிக்காத தட்டும் குடித்த தட்டைப் போலவே சும்மா கிடந்தது.

ஆய்வாளர் இரண்டு தட்டையும் மறுபடி பார்த்தார். தட்டில் வளர்த்த கல்லீரல் செல்கள் மேல் இன்சுலினை விட்டால் அது வெளியே நின்று கதவைத் தட்டும். உள்ளே செய்தி கைமாறிக் கைமாறிப் போகும். செல் சர்க்கரையைச் சேமிக்கத் தொடங்கும். மது ஊற்றிய தட்டில் அந்தச் செய்தி பாதி வழியிலேயே படுத்துவிடும் என்று காட்டுவதுதான் அவர் வேலை. இந்த மாதத்துக்குள் காட்டினால்தான் வேலையும் நிலைக்கும். அதற்கு மது படாத தட்டாவது பதில் சொல்ல வேண்டாமா?

செல்களைக் குறை சொல்லவும் வழியில்லை. பித்தப்பை அறுவையின்போது ஆய்வகத்தின் இயக்குநரே தம் கல்லீரலில் ஒரு துண்டை இந்த ஆராய்ச்சிக்கென்று கொடுத்திருந்தார். தம் உடம்பில் ஒரு சொட்டு போனதில்லை என்று அவர் சொல்லாத மேடை இல்லை.

ஆய்வாளர் முதலில் இன்சுலினை மாற்றினார். பதில் இல்லை. மதுவின் ஆவி பரவியிருக்குமோ என்று தட்டுகளைத் தனித்தனிப் பெட்டியில் வைத்தார். அப்போதும் இல்லை; இன்னொரு பெட்டி கேட்டதில் விஷயம் இயக்குநர் காதுக்குப் போனதுதான் மிச்சம்.

இயக்குநர் வந்து, தட்டைப் பார்க்காமல் ஆய்வாளரைப் பார்த்தார்.

"ஆவி பெட்டிக்குள்ளேருந்துதான் வரணுமா தம்பி? குனிஞ்சு பாக்குறவர் மூச்சுலேருந்தும் வரலாமே."

மறுநாள் முதல், காவலாளி நீட்டும், மது வாடையைக் கண்டுபிடிக்கும் கருவியில் ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றாயிற்று. ஆய்வாளர் வழக்கம்போல் வாசலில் இருந்த ஸ்பிரிட்டைக் கையில் தாராளமாகத் தேய்த்துக்கொண்டு, அதே கையால் கருவியைப் பொத்திப் பிடித்து ஊதினார். கருவி ஊரைக் கூட்டியது.

வீட்டில் மனைவி சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"ஆராய்ச்சின்னா நீங்களே குடிச்சுப் பாக்கணுமாங்க?" என்று கேட்டதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அந்த வாரமே வேலை போயிற்று. "இந்த நிலைமையில தனியா போகாதீங்க" என்று இயக்குநர் பெரிய மனது பண்ணித் தம் காரிலேயே அனுப்பி வைத்தார்.

ஆய்வாளர் பின் சீட்டில் ஏறி, தம் சாமான் பெட்டியைக் காலடியில் திணித்தார். ஓட்டுநர் பதறித் திரும்பினார்.

"பாத்து சார், அங்க ஐயாவோட சரக்கு பாட்டில் இருக்கு. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தினம் பாதி காலி பண்ணிடுவாரு, நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து அப்படித்தான்."